நாப்பது காசும் ஒரு அப்பளப் பாக்கெட்டும்

பசியாறிட்டீங்களா எல்லாரும்? நான் இன்னும் இல்ல. கோபம் ஆறிப்போச்சுன்னா வீடியோ நல்லா வராதுன்னு கண்ண முழிச்ச கையோட கேமராவ ஆன் பண்ணிட்டேன். பின்னால கூவுதுல்ல, அதே சேவல்தான். பழைய வீடியோவுல எல்லாம் கேட்டு திட்டினீங்களே, அதே ஆளு. இன்னும் உசுரோடதான் இருக்கு.

விஷயம் என்னன்னா, எங்கண்ணன் மக ஈப்போல டிப்ளோமா படிக்கிறால்ல, அவளுக்கு ஒரு அசைன்மெண்ட். தமிழ்நாட்டுல ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி இருக்குன்னு வச்சுக்கணும், கற்பனைக் கம்பெனிதான். அது மலேசியாவுக்கு வந்து கடை போடலாமா கூடாதான்னு எழுதணும். எழுதி முடிச்சு, "அத்த, படிச்சுப் பாருங்க"ன்னு அனுப்பினா. மொத வரியே என்ன தெரியுமா? மலேசியாவுல சுமார் 20 லட்சம் இந்தியர்கள், அதுல பெரும்பாலும் தமிழர்கள், அதனால தாராளமா வரலாம். அவ்வளவுதான். தலைய எண்ணிட்டா, முடிஞ்சுபோச்சு. ஆறு வருஷம் ஈப்போல பெரிய கடையில கேஷியரா நின்னவ நான். கால் வீங்கின கதைய ரெண்டு வீடியோ போட்டு உங்கள அறுத்திருக்கேன். எனக்கு எப்படி இருக்கும்?

"கெளம்புடி"ன்னு சொல்லி மோட்டார்ல பின்னால ஏத்திக்கிட்டு, எங்க ஊரு சுங்கை சிப்புட்லேர்ந்து நேரா ஈப்போ. இந்தியா சாமானா விக்கிற ஒரு கடை. பேரு சொல்லமாட்டேன், கேக்காதீங்க. உள்ள ஊதுபத்தி வாசம், நல்லாத்தான் இருந்துச்சு. அப்பளம் ஒரு பாக்கெட் எடுத்தேன். சாமான் அடுக்கின தட்டுல 5 வெள்ளி 90 காசுன்னு ஒட்டியிருக்கு (வெள்ளின்னா மலேசியா ரிங்கிட், நூறு காசு ஒரு வெள்ளி). கவுண்டர்ல போனா 6 வெள்ளி 30 காசு. நாப்பது காசு கூட.

விட்ருவேனா? நானே அந்தப் பக்கம் நின்னவ. "தம்பி, தட்டுல 5.90 போட்டிருக்கு"ன்னேன். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுதுக்கா"ன்னான். சிஸ்டம் காட்டுதாம்! அப்ப தட்டுல ஒட்டினது யாரு, பேயா? சூப்பர்வைசர கூப்பிடுன்னேன். அவரு மாடியில சாப்பிட்டுக்கிட்டு இருக்காராம். சரி, சாப்பிட்டு வரட்டும். எனக்குப் பின்னால ஆறு பேரு. அண்ணன் மக, "அத்த, நாப்பது காசுக்கு வேணாமே"ன்னு சட்டைய புடிச்சு இழுக்கிறா. நான் நவரல. இருவது நிமிசம். கடைசில வந்தாரு, தட்டப் போய்ப் பாத்தாரு, ரெண்டு இருவது காசு எடுத்து கையில குடுத்தாரு. மன்னிப்புன்னு ஒரு வார்த்த இல்ல. ஆனா குடுத்தாரு! அந்த ரெண்டு காசு இந்தா, பாருங்க. செலவு பண்ணவே மாட்டேன்.

சிரிக்காதீங்க. நாப்பது காசுக்காக இவ்வளவு சொல்லல. அப்பளப் பாக்கெட்டுலதான் மொத்தக் கதையும் இருக்கு. பின்பக்கம் ஒரு வெள்ள ஸ்டிக்கர். இறக்குமதி பண்ணினவங்க பேரு, முகவரி எல்லாம் மலாய்லயோ ஆங்கிலத்துலயோ இருக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டம், அதுக்காக ஒட்டினது. வீட்டுக்கு வந்து நகத்தால மெதுவா உரிச்சேன். கீழ என்ன இருக்கு? இந்தியாவோட எம்ஆர்பி, 60 ரூபா. அங்க அந்த விலைக்கு மேல ஒரு ரூபா கூட்டி விக்கக்கூடாது. ஒரு வெள்ளிக்கு சுமாரா இருவது ரூபான்னு வச்சாலும் மூணு வெள்ளி. நம்மகிட்ட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கப்பல் கூலி, கிடங்கு, வாடகை எல்லாம் இருக்கு, நியாயம்தான், எனக்கும் புரியுது. ஆனா படிக்கத் தெரிஞ்ச தமிழச்சிகிட்ட ரூபா விலைய அச்சடிச்சே அனுப்புறீங்களே, அவ கணக்குப் போடமாட்டாளா? பிரான்ஸ்காரன் கொண்டுவந்த சீஸுக்கு அங்க என்ன விலன்னு நமக்குத் தெரியாது, வாய மூடிக்கிட்டு வாங்கினோம். அப்பளத்துல அந்தப் பருப்பு வேகாது.

பிரான்ஸுன்னதும் ஞாபகம் வருது. கேர்ஃபோர்னு அந்த நாட்டு சூப்பர் மார்க்கெட் கம்பெனி 1994ல சுபாங் ஜெயாவுல மொதக் கடையத் திறந்தான், 2012ல எல்லாத்தையும் ஜப்பான் கம்பெனி ஏயோனுக்கு வித்துட்டுப் போயிட்டான். இங்கிலாந்து டெஸ்கோ 2002ல பூச்சோங்ல ஆரம்பிச்சான். கூட்டாளி யாரு? சைம் டார்பி, 30 விழுக்காடு. ஆமா, நம்ம தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின அதே சைம் டார்பிதான். அவனும் 2020ல தாய்லாந்து சிபி குழுமத்துக்கு வித்துட்டான், அடுத்த வருசம் போர்டு லோட்டஸ்னு மாறிடுச்சு. எனக்கும் ஒரு நாள் காலையில வேலைக்குப் போனா புதுச் சட்ட, புதுப் பேர் அட்ட குடுத்தாங்க. அதே கவுண்டர், அதே நாற்காலி இல்லாத கவுண்டர், முதலாளி மட்டும் வேற. எந்தக் கடைன்னு அதையும் கேக்காதீங்க.

ஜயன்ட் கதை இன்னும் வேடிக்க. 1944ல செந்தூல்ல ஒரு சீனக் குடும்பம் ஆரம்பிச்ச மளிகைக் கடை அது. 1999ல ஹாங்காங் கம்பெனி வாங்குச்சு, 2023ல திரும்ப மலேசியா ஆளுங்க கைக்கே வந்துருச்சு. வந்தவன் எல்லாம் போனான்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஏயோன் போகலையே. ஜஸ்கோன்னு சொல்வோமே, அவங்க 1984ல அப்ப பிரதமரா இருந்த மகாதீர் கூப்பிட்டு வந்தாங்க. இங்கேயே பங்குச் சந்தையில பதிஞ்சாங்க. கடை மட்டும் இல்ல, ஷாப்பிங் மாலையே கட்டி மத்தவங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க. அரிசி பருப்புல கெடைக்கிற காசு கம்மி. வாடகை மாசாமாசம் வரும். ரகசியம் அங்கதான்னு எனக்குத் தோணுது.

வால்மார்ட் ஜெர்மனியில பட்டது தெரியுமா? 1997 கடைசியில உள்ள போனான், 2006ல 85 கடைய மெட்ரோங்கிற அந்த ஊர்க் கடக் கம்பெனிக்கு வித்துட்டு வந்தான். மலிவு விலைக்கு அங்க ஏற்கனவே ஆள் இருந்தாங்க, அது ஒரு காரணம். இன்னொண்ணு, வாசல்ல ஆள் நிறுத்தி சிரிச்சு வரவேற்கச் சொன்னானாம். ஜெர்மன்காரங்களுக்கு அது புடிக்கல, நம்மள எதுக்குப் பாத்து பல்லக் காட்டுறான்னு. எங்களுக்கும் அந்தச் சிரிப்பு ட்ரெய்னிங் குடுத்தாங்க! நான் சிரிச்சா ஒரு ஆன்ட்டி, "என்னம்மா, சில்லறை கம்மியா குடுத்துட்டியா?"ன்னு ரசீத திரும்பத் திரும்ப எண்ணும்.

ஆங், முக்கியமானத விட்டுட்டேன். இத மொதல்லயே சொல்லியிருக்கணும். வெளிநாட்டுக் கம்பெனி இங்க இஷ்டத்துக்குச் சின்னக் கடை போட முடியாது. நம்ம வாணிப அமைச்சோட விதிமுறையில, 3,000 சதுர மீட்டருக்குக் கீழ சூப்பர் மார்க்கெட், மினி மார்க்கெட், மளிகைக் கடை எதுவும் வெளிநாட்டுக்காரங்களுக்குக் கெடையாது. 5,000 சதுர மீட்டருக்கு போயிட்டா அது ஹைப்பர் மார்க்கெட், அதுக்கு குறைஞ்சது 5 கோடி வெள்ளி மூலதனம், 30 விழுக்காடு பூமிபுத்ரா பங்கு, அதாவது மலாய்க்காரங்க மாதிரி மண்ணின் மைந்தர்களுக்கு. இத அண்ணன் மககிட்ட சொன்னப்ப அவ முகத்தப் பாக்கணுமே. அவ எழுதியிருந்தது, தமிழர் இருக்கிற சின்னச் சின்ன ஊர்ல குட்டிக் குட்டியா பத்துக் கடை. சுங்கை சிப்புட் பேரையும் போட்டிருந்தா, அத்த ஊராச்சேன்னு. வந்தா பெருசா வரணும், இல்லன்னா வரவே கூடாது. நம்ம ஊர்ல 5,000 சதுர மீட்டர் கடைய வச்சு என்ன பண்றது, பேட்மிண்டனா ஆடுறது?

சரி, பெருசாவே வந்தாலும் வாங்குறது யாரு? அதுக்குத்தான் ஞாயித்துக்கிழம காலையில அங்கிள் கடையில அவள உக்கார வச்சேன். அங்கிள் கடைன்னா எங்க ஊரு சின்ன மளிகைக் கடை, பல்லி முட்டாய் வீடியோவுல பாத்தீங்களே. யாரு என்ன வாங்குறாங்கன்னு எழுதுன்னேன். ஒரு அக்கா வந்தாங்க. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய், 2 வெள்ளி 50 காசு. சீனி ஒரு கிலோ, 2 வெள்ளி 85 காசு. ரெண்டும் அரசாங்கம் கட்டிப்போட்ட விலை, கடக்காரருக்கு அதுல என்ன பெருசா நிக்கும்? அப்புறம் கிச்சாப்னு சோயா சாஸ், நெத்திலி கொஞ்சம், பிளாச்சான்னு இறால் கட்டி ஒரு துண்டு, வெங்காயம், கோழிக்கு வாசனைக்குப் போடுற ரம்பை இல. இந்தியாவுலேர்ந்து வந்ததுன்னு பாத்தா கடுகும் மஞ்சத்தூளும். தமிழச்சிதான், வீட்டுல தமிழ்தான் பேசுவாங்க. ஆனா அடுப்பு மலேசியா அடுப்பு.

அடுத்து வந்த ரெண்டு தம்பிங்க பங்களாதேஷ்காரங்க, செம்பனைத் தோட்டத்து வேல. அவங்களுக்காகவே கடுகெண்ணெயும் பொரியும் அங்கிள் வாங்கி வைக்கிறாரு. நம்ம புள்ளைங்க கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போயி எத்தன வருசமாச்சு. இத 20 லட்சம்ங்கிற கணக்கு காட்டுமா? காட்டாது.

கடைசில அந்த அக்கா காசு குடுக்கல. அங்கிள் மேசைக்குக் கீழேர்ந்து கடன் எழுதுற 555 பொஸ்தகத்த எடுத்தாரு. ஓரம் எல்லாம் மஞ்சத்தூள் கறை, ரப்பர் பேண்டு போட்டு கட்டின பொஸ்தகம். பேரு கூட எழுதல, "மூணாவது லைன் கண்ணாடி"ன்னுதான் எழுதியிருக்கு. சம்பளம் போட்டதும் குடுப்பாங்க. பெரிய கடைக்காரனால இத செய்ய முடியுமா? நாப்பது காசு தப்பு நடந்ததுக்கே சூப்பர்வைசர் சாப்பிட்டு முடிக்கணும்.

அப்ப தீபாவளி வியாபாரத்துக்கு என்ன சொல்றீங்கன்னு அண்ணன் மக கேட்டா. நல்ல கேள்விதான், ஒத்துக்கிறேன். அந்த மூணு வாரம் கூட்டம் அள்ளும். டிவில விளம்பரம் பாத்துட்டு அந்த மசாலா இருக்கா, இந்த நெய் இருக்கான்னு அங்கிள்கிட்டயே கேக்குறாங்க. ஆனா மூணு வாரத்துக்காக பன்னெண்டு மாசமும் ஆளுக்கு 1,700 வெள்ளி குறைஞ்சபட்சச் சம்பளம் குடுக்கணுமே.

அதனால நான் அவள எழுதச் சொன்னது இதுதான்: கடையா வராதீங்க, சரக்கா வாங்க. ஊருக்கு ஊரு அங்கிள்மாருக்குச் சரக்கு போடுற மொத்த வியாபாரிங்க இங்க ஏற்கனவே இருக்காங்க, அவங்க கையில குடுங்க. மலாய் லேபில தொழிற்சாலையிலேயே அச்சடிங்க, ஸ்டிக்கர் வேணாம். ஏற்றுமதிப் பாக்கெட்டுல ரூபா விலையும் வேணாம். நூறு கிராம் பாக்கெட் போடுங்க. நாலஞ்சு வருசம் எது ஓடுது எது தூங்குதுன்னு பாத்துட்டு, அப்பவும் கடை ஆச இருந்தா கிள்ளான் பக்கம் எடம் தேடுங்க. எங்க ஊரு வேணாம். இன்னொரு வேடிக்க: 2012ல இந்தியா வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு 51 விழுக்காடு வரைக்கும் அனுமதி குடுத்தப்ப, எங்க மாநிலத்துல வேணாம்னு சொன்னதுல தமிழ்நாடும் ஒண்ணு. அதையும் சேர்த்துக்கோடின்னேன்.

இருங்க, அவதான் மெசேஜ் போடுறா... "அத்த, 555 பொஸ்தகத்துக்கு ஆதாரம் எங்கன்னு லெக்சரர் கேப்பாரு." அங்கிள் மேசைக்குக் கீழன்னு எழுதுடி! மார்க்கு வந்ததும் சொல்றேன். அப்பளம் பொரிக்கப் போறேன், உப்பு கூடன்னு தோணுது, பாப்போம்.