ஒட்டின உத்திரம் தாங்குமா?

நேயர்களுக்கு வணக்கம். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த உத்திரம் என்று பேச்சை எடுத்தாலே எங்கள் களியக்காவிளைப் பக்கத்து ஆசாரிமார் சிரிப்பார்கள். "பசையை நம்பியா சார் ஓடு ஏத்தச் சொல்லுதீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மரவேலைக்குப் பெயர்போன பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துப் பழகியவர், கேட்கத்தான் செய்வார்.

ரெசார்சினால் என்கிற, ஈரம் தாங்கும் பசையில் ஒட்டிக் காயவைத்த இரண்டு துண்டுகளை அவர் கையில் கொடுத்து, ஒட்டின கோட்டில் உளியை வைத்து அடிக்கச் சொன்னேன். பிளந்தது. கோட்டை விட்டு விலகி, பக்கத்து மரத்தில் பிளந்தது. விரலால் தடவிப் பார்த்தார். பிளந்த முகம் முழுக்க மரநார். மரம்தான் விட்டது, பசை விடவில்லை.

ஒரே தடியில் அறுத்த உத்திரத்துக்குக் கணுதான் எமன். பாரம் ஏறும்போது அடிப்பக்கம்தான் இழுபடும். பெரிய கணு அங்கே மாட்டிக்கொண்டால் விரிசல் அதிலிருந்தே தொடங்கும். அடுக்கில் ஒவ்வொரு பலகையும் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் தடிமனுக்குள்தான் இருக்கும். கணு அந்த ஒரு பலகையோடு நின்றுவிடும், அண்டைப் பலகைகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நல்ல பலகை மேலும் கீழும், சுமாரானது நடுவில். இதனால் மரம் இரும்பாகிவிடாது. பத்து உத்திரம் செய்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வரும், அவ்வளவுதான். கணக்குப் போடுகிறவனுக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்சர் 1906-இல் காப்புரிமை வாங்கிய வேலை இது. நார்வேயில் இப்படி ஒட்டிய தூண்களையும் உத்திரங்களையும் வைத்து 85 மீட்டர் உயரக் கட்டடமே 2019-இல் எழுப்பிவிட்டார்கள்.

சரி, அப்புறம் எங்கே விழுகிறது? அதே ஜெர்மனியில், பாட் ரைஷன்ஹாலில், 2006 ஜனவரி 2 அன்று பனிச்சறுக்கு அரங்கின் கூரை இடிந்து 15 பேர் இறந்தார்கள். வடிவமைப்புக் கணக்கில் பிழை இருந்தது. அதோடு, ஈரம் தாங்காத யூரியா ஃபார்மால்டிஹைடு பசை பல வருடம் ஈரக்காற்றில் கிடந்து வலுவிழந்திருந்தது. உலர்ந்த இடத்துக்குச் சரியான பசைதான். வைத்த இடம்தான் தப்பு.

எடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் துலா மழை என்கிற வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற ஊர் நம்முடையது. என் வீட்டு முகப்பில் நானே ஆசைப்பட்டு மேஜை நாற்காலிக்குப் போடுகிற வெள்ளைப் பசையில் ஒட்டி ஒரு உத்திரம் வைத்தேன். அந்தப் பசை மழையில் இளகும், வெயிலில் பாரத்துக்கு மெல்ல வழுக்கும். இரண்டாம் மழைக்காலத்தில் கீழடுக்கு வாயைத் திறந்தது. நகத்தால் சுரண்டினால் ரப்பர் பால் மாதிரி உரிந்து வந்தது.

வெளியில் வைப்பதானால் ரெசார்சினால் மாதிரி ஈரம் தாங்கும் பசைதான் வேண்டும். பலகையில் ஈரம் 12 சதவீதம் வாக்கில் இருக்க வேண்டும். முட்டுக் கொடுக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கவே கூடாது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "முதல்ல மாட்டுத் தொழுவத்துக்கு ஒண்ணு போட்டுப் பாப்போம் சார். வெள்ளைப் பசையை மட்டும் நீங்க தொடாதீங்க."