கில்மால்கெடர் கல்லறைகளைப் படிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே! அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெர்ரி கவுன்ட்டியின் டிங்கிள் தீபகற்பத்தில் இருக்கிறேன். பின்னால் தெரிவது கில்மால்கெடர் சர்ச். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. கூரை எப்போதோ போய்விட்டது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. சுற்றிலும் கல்லறைகள்தான்.

முதலில் இந்த நெட்டைக் கல்லைப் பாருங்கள். உச்சியில் ஒரு துளை இருக்கிறதா? ஓரத்தில் கத்தியால் கீறியது போல் வரிசையாகக் கோடுகள் தெரிகிறதா? அதுதான் ஓகம், அயர்லாந்தின் பழங்கால எழுத்து. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். புரோக்கான் என்பவரின் மகனுடைய பெயர் இதில் இருக்கிறது. சர்ச் வருவதற்கு முன்பே நட்ட கல் இது.

அப்புறம் இந்தப் பக்கம் வாருங்கள். இந்தப் பலகைக் கல்லில் வெறும் பாசிதான் தெரிகிறது. டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் புரியாது. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கிறேன், பாருங்கள். இயேசுவின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் ஐ, எச், எஸ் என்ற மூன்று எழுத்தும், நடு எழுத்தின் மேல் ஒரு சிலுவையும் மேலெழுந்து வருகின்றன! இந்த ஊர்ப்பக்கக் கல்லறைகள் பலவற்றில் கல்லை எழுப்பியவரின் பெயர்தான் முதலில் வரும், இறந்தவர் பெயர் அதற்கு அடுத்துத்தான். யார் யாருக்கு என்ன உறவு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் இறப்பையும் அரசு பதிய ஆரம்பித்ததே 1864இல்தான். 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு சர்ச் வட்டாரத்திலும், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைத்தார்கள், ஆனால் அடக்கத்தைப் பல இடங்களில் எழுதவே இல்லை. ஆகவே ஒருவர் இறந்ததற்கு இந்தக் கல்லே ஒரே சாட்சியாக இருக்கலாம். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாசியோடு எழுத்தும் சேர்ந்து உதிரும். எழுத்து தெரியச் சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம், டார்ச்சும் போனும் போதும்.

புல்லுக்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத இந்தக் கரடுமுரடான கற்களும் கல்லறைகள்தான். ஒரு எழுத்துகூட இல்லை. எழுத்து வெட்டக் கூலி கொடுக்க முடியாத வீட்டார் வயலிலிருந்து எடுத்து வந்து நட்டவை. நிறையப் பேர் இவற்றை மிதித்துக்கொண்டு ஓகம் கல்லைப் படம் எடுக்கப் போகிறார்கள். தயவுசெய்து பார்த்துக் கால் வையுங்கள். இவற்றையும் படம் எடுங்கள்.

சரி, வாருங்கள், அடுத்த வரிசைக்குப் போகலாம்.