சாட்சியில்லாத சந்திப்பு

அவையோருக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நடந்ததற்குச் சாட்சி எதுவும் இல்லாத ஒரு சந்திப்பு. மார்க் சால்ட்ஸ்மன் எழுதிய 'டின் பான் அலி ராக்' என்ற இசை நாடகம் 1997இல் கலிபோர்னியாவின் பாசடீனாவிலும், 2009இல் நியூயார்க்கிலும் மேடையேறியது. ராக்டைம் என்ற பியானோ இசை வகையில் பேர்போன கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின், வசனமும் பாட்டாகவே வரும் தன் ஓபராவின் கையெழுத்துப் பிரதியோடு, பாட்டெழுதி மெட்டமைக்கும் இர்விங் பெர்லினின் அலுவலகத்துக்கு வருகிறார். இருவரும் வாசிக்கிறார்கள், பேசுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

ஜாப்ளின் 1868 வாக்கில் டெக்சஸ் பக்கம் பிறந்தவர். தகப்பனார் அடிமையாக இருந்தவர். பையனின் கையைப் பார்த்து, காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு யூத ஆசிரியர். 1899இல் 'மேப்பிள் லீஃப் ராக்' அச்சானபோது ஒப்பந்தப்படி பிரதிக்கு ஒரு சென்ட் அவருக்கு வந்தது. ராக்டைம் என்றால் என்ன? இடது கை தாளம் பிசகாமல் நடக்கும். வலது கை அதன்மேல் எடுப்பைத் தள்ளித் தள்ளிப் போடும். இதை வேகமாக வாசிக்காதீர்கள் என்று ஜாப்ளின் தன் இசைத்தாள்களிலேயே அச்சிட்டு வைத்தார். யார் கேட்டார்கள்!

பெர்லின் ரஷ்யப் பேரரசில் பிறந்து, ஐந்து வயதில் நியூயார்க் வந்த யூதக் குழந்தை. தகப்பன் இறந்தபின் வீட்டைவிட்டு வெளியேறி, மதுக்கடையில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை பார்த்தார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பியானோவில் கருப்புக் கட்டைகளை நம்பித்தான் வாசிப்பார். சுருதி மாற்ற அடியில் ஒரு நெம்புகோல் வைத்த பியானோ வாங்கிக்கொண்டார். நம் ஊர் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது 1911க்கு வாருங்கள். மார்ச்சில் பெர்லினின் 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' வெளிவந்து ஊரையே ஆட்டி வைத்தது. பெயரில்தான் ராக்டைம். கேட்டுப்பாருங்கள், அணிவகுப்புப் பாட்டின் நடைதான் அதிகம். மே மாதம் ஜாப்ளின், எந்தப் பதிப்பாளரும் கைகொடுக்காததால், 'ட்ரீமனீஷா' ஓபராவைச் சொந்தக் காசில் அச்சிட்டார். ஏறத்தாழ 230 பக்கம். அதில் வரும் ஒரு மெட்டைப் பெர்லின் தன் 'அலெக்சாண்டர்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டார் என்று ஜாப்ளின் மனம் நொந்ததாகவும், அதனாலேயே அச்சுக்கு முன் அந்த இடத்தை மாற்றியதாகவும் அவரை அறிந்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நிரூபணம் இல்லை. ஆனால் ஜாப்ளினின் ஒரு பதிப்பகமும் பெர்லின் வேலை பார்த்த நிறுவனமும் ஒரே இடத்தில்தான் இயங்கின. புகை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது அல்லவா?

நாடகம் இருவரையும் சோகத்தால் இணைக்கிறது. அது கற்பனையல்ல. 1904இல் ஜாப்ளினின் இளம் மனைவி ஃப்ரெடி, மணமாகி மூன்று மாதத்துக்குள் நிமோனியாவில் போனார். 1912இல் பெர்லினின் மனைவி டாரதி, தேனிலவுக்குக் கியூபா போன இடத்தில் தொற்றிய டைபாய்டில், மணமான சில மாதங்களில் போனார். இதை மேடையில் வைத்தால் யார்தான் அழமாட்டார்கள்? என் சங்கடமும் அங்கேதான். கண்ணீர் வந்ததும் மெட்டைப் பற்றிய கேள்வி மெல்ல நழுவிவிடுகிறது.

1915இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'ட்ரீமனீஷா' ஒருமுறை அரங்கேறியது. திரைச்சீலை இல்லை, வாத்தியக் குழு இல்லை. ஜாப்ளினே பியானோவில் அமர்ந்தார். எடுபடவில்லை. 1917 ஏப்ரல் 1 அன்று மனநல மருத்துவமனையில் இறந்தார். அதே நகரின் குயின்ஸ் பகுதிக் கல்லறையில் 1974 வரை அவர் பெயர் சொல்ல ஒரு கல் இல்லை.

பெர்லின் 101 வயது வாழ்ந்து 1989இல் மறைந்தார். அப்படியானால் கணக்குப் போடுங்கள். 1973இல் ஒரு திரைப்படம் ஜாப்ளினின் 'தி எண்டர்டெய்னர்' மெட்டை வானொலிக்கெல்லாம் கொண்டுபோனது. 1975இல் ஹூஸ்டன் ஓபராக்காரர்கள் 'ட்ரீமனீஷா'வை முழு வாத்தியக் குழுவோடு, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கே கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு ஜாப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது. அந்நேரம் 87 வயதுப் பெர்லின், யாரையும் அதிகம் பார்க்காமல், அதே மன்ஹாட்டனில் தன் வீட்டில் இருந்தார். நாடகம் எழுத என்னிடம் கொடுத்திருந்தால், நான் அந்த வீட்டில்தான் திரையைத் தூக்கியிருப்பேன்.