தண்ணீர் கேட்டோம், லைட்டு வந்தது

நடுவர் அவர்களே, ராயபுரத்து மக்களே, வணக்கம். கொடுத்திருப்பது எட்டு நிமிஷம், அதனால் எதிரணிக்கு வணக்கம் கடைசியில், நேரமிருந்தால்.

மக்கள் பிரதிநிதி மக்கள் சொன்னதைச் செய்ய வேண்டுமா, தன் அறிவுக்குப் பட்டதைச் செய்ய வேண்டுமா? சொன்னதைச் செய்யட்டும் என்கிறது எங்கள் அணி. எதிரணிப் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து எட்மண்ட் பர்க் என்ற அந்தக் காலத்து எம்.பி.யையே கூட்டிவந்துவிட்டார். வாக்காளர் கட்டளைக்காக என் அறிவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று 1774-இல் பிரிஸ்டலில் பர்க் பேசினாராம். பேசினார், உண்மைதான். மீதிக் கதையை ஐயா முழுங்கிவிட்டார். 1780-இல் அதே பிரிஸ்டலில் ஓட்டுக் கேட்டுப் பார்த்தார், தேறாது என்று தெரிந்ததும் ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் எங்கே ஜெயித்தார்? மால்டனில். வேண்டப்பட்ட ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதி அது!

அதோடு விட்டாரா பேராசிரியர்? "பஸ்ஸில் ஏறியவன் எல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பஸ் காசிமேட்டுக் கடலில்தான் நிற்கும்" என்று ஒரு குத்து. நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, ஸ்டீயரிங்கை யார் கேட்டது? திருவொற்றியூர் என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் டிரைவர், "எனக்கு அறிவு இருக்கிறது, உங்கள் உடம்புக்குத் தாம்பரம் காற்றுதான் ஒத்துக்கொள்ளும்" என்று வண்டியைத் திருப்புகிறார். டிக்கெட் காசையாவது கொடுங்கள் என்றால், ஐந்து வருஷம் கழித்து வரச் சொல்கிறார்!

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு. பல வருஷத்துக்கு முந்தைய கதை. அடிபம்பில் தண்ணீர் வராது, வந்தால் மஞ்சளாக வரும். இருபது பெண்கள் காலிக் குடத்தோடு கவுன்சிலர் வீட்டுக்குப் போனார்கள். தெருமுனையில் ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான். அவரும் கேட்டுக்கொண்டார், டீ கொடுத்தார். மூன்றே மாதத்தில் ஆள் வந்து பள்ளம் தோண்டினார்கள். பெண்களுக்கு வாயெல்லாம் பல். பள்ளத்துக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் உள்ளே இறங்கியது பைப் இல்லை, கம்பம்! ஹைமாஸ் லைட்டு!

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயா ஒரு வேலை செய்தார். எல்லா வீட்டுக் குடத்தையும் வாங்கி, அந்தக் கம்பத்தடியில் வரிசையாக வைத்தார். பச்சை, சிவப்பு, நீலம். சுவிட்ச் போட வந்த கவுன்சிலர், "என்ன ஆயா இது?" என்றார். ஆயா சொன்னார்: "இத்தினி நாளா இருட்டுல தெரியலப்பா. இப்பதான் பளிச்சுனு தெரியுது, கொடத்துல ஒண்ணும் இல்லன்னு!"

பின்வரிசையில் சுண்டல் வாங்கப் போனவருக்காக இன்னொரு தடவை. கம்பம், மேலே லைட்டு, கீழே நாற்பது குடம். முன்னே இருபது என்றேனா? சொல்லச் சொல்லக் கூடும். "என்ன ஆயா இது?" "வெளிச்சம் கீதுப்பா, தண்ணி எங்க கீது?"

சொந்த அறிவு என்கிறார்களே, 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தமாகக் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. எப்படி ஓட்டுப் போடுவது என்று கட்சி சார்பில் சொல்கிற கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ. பதவியே போகலாம். கொறடா சொன்னால் அடங்குகிற அறிவு, ஆயா சொன்னால் மட்டும் ஏன் விறைத்துக்கொள்கிறது?

இன்னும் நாலு பாயின்ட் எழுதி வைத்திருந்தேன். வேண்டாம்.

எங்கள் அம்மாவுக்கு இடது இடுப்பில் ஒரு காய்ப்பு இருந்தது. குடம் உட்கார்ந்த இடம். அவள் கடைசியாக ஓட்டுப் போட்டபோது நான்தான் கூட்டிப்போனேன். விடியற்காலையில் குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். பூத்துக்குள் போனவள் வெளியே வர நேரமாயிற்று. "உள்ள இன்னாம்மா பண்ண இவ்ளோ நேரம்?" என்றேன். மை காயாத விரலை மடக்காமல் நீட்டிப் பிடித்தபடியே சொன்னாள்: "பட்டன அமுக்கிட்டு, அந்தப் பொட்டியாண்ட சொல்லிட்டு வந்தேன்டா. தெருமுனைல ஒரு கொழாய்னு."

நடுவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம். நானே உட்கார்ந்துகொள்கிறேன்.