எல்லாம் எரியத்தானே போகிறது, எதற்கு நாலு கலர் பை?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கும் சகோதரி கேட்டிருக்கிறார்: "சார், குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய் எரிக்கத்தானே போகிறது, அப்புறம் எதற்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள்?"

எல்லாம் எரிவதில்லைம்மா. உலைக்குப் போவது மஞ்சள் பை. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, ஆபரேஷனில் எடுத்த சதை, காலாவதியான மருந்து எல்லாம் அதில். சிவப்பு பையில் போடும் ட்ரிப்ஸ் ட்யூப், யூரின் பேக், ஊசி கழற்றிய சிரிஞ்சு இதெல்லாம் ஆட்டோகிளேவில் நீராவியில் வெந்து, துண்டு துண்டாகி, மறுசுழற்சிக்குப் போகிறது. ட்யூப், பேக் நிறைய பிவிசி, அதாவது குளோரின் உள்ள பிளாஸ்டிக். கண்டபடி எரித்தால் டையாக்சின் வரும், புற்றுநோய் தரும் நஞ்சு அது. முறையான உலையில் இரண்டாவது அறை 1,050 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், புகை அதில் 2 நொடியாவது தங்க வேண்டும், கொல்லைப்புறத்தில் குழி வெட்டிக் கொளுத்துகிறவருக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி மருந்துக்குப்பி நீலத்துக்கு. ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், பலர் அப்போதுதான் குத்திக்கொள்கிறார்கள். ஊசியைப் பையில் போட்டால், குத்து பையைத் தூக்கும் துப்புரவு அக்காவுக்கு. ஊசி போட்ட நோயாளிக்குத் தொற்று இருந்தால், தடுப்பூசி போடாதவருக்கு அந்த ஒரு குத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு, எச்ஐவிக்கு சுமார் 0.3 சதவீதம்தான், ஆனால் நாம் பயப்படுவது எச்ஐவிக்கு மட்டும்!

இன்னொன்று, ஆஸ்பத்திரிக் குப்பையில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை மாதிரிதான், மாத்திரை அட்டைப்பெட்டி, சாப்பாட்டுப் பொட்டலம். அதில் ரத்தப் பஞ்சு ஒன்று விழுந்தால் போதும், அத்தனையும் ஆபத்தான குப்பை, பிறகு யார் உட்கார்ந்து பொறுக்குவது? 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து வந்து திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி லாரி லாரியாகத் திருப்பி அள்ளிப் போனார்களே, நினைவிருக்கிறதா?

உங்கள் கிளினிக்கில் படுக்கை இல்லையென்றாலும் 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதி பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒரே ஒரு முறை அனுமதி வாங்கினால் போதும், மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுவிடுங்கள், 48 மணி நேரத்துக்கு மேல் பையை வைத்திருக்காதீர்கள். அப்புறம் டாக்டர் குடித்த டீ கப்பை மஞ்சள் பையில் போடாதீர்கள், நானே பார்த்திருக்கிறேன்.