முடித்த நாவலில் சொல்கிறவரை மாற்றினால்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கம் நாவல் எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் மு.வ. என்கிற மு. வரதராசனிடம் போய் நிற்கும். 1961ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அவருடைய ‘அகல் விளக்கு’ வாலாஜாபேட்டையில் தொடங்குகிற கதை. அதில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறவன் சந்திரன். ஆனால் கதையைச் சொல்வது பக்கத்திலேயே இருந்த நண்பன் வேலய்யன். சந்திரனே ‘நான்’ என்று ஆரம்பித்திருந்தால் தான் சீரழிந்ததற்கு ஆயிரம் நியாயம் சொல்லியிருப்பான்.

யார் சொல்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் நிம்மதி. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை முதலில் கொலைகாரனே சொல்வதாகத்தான் எழுதிப் பார்த்தார். 1866ல் வெளிவந்தபோது அது படர்க்கையில் இருந்தது. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1922ல் ‘கோட்டை’ என்று ஒரு நாவல் எழுதினார். நம்ம ஊர்க் கோட்டை இல்லை, அது வேறு. ‘நான்’ என்று தொடங்கியவர் பாதியில் மனம் மாறி, எழுதிய பக்கங்களுக்குத் திரும்பிப் போய், ‘நான்’ வந்த இடங்களை அடித்துவிட்டு ‘கே.’ என்று கதாநாயகன் பேரைப் போட்டார். ஜெர்மன் மொழியின் இறந்த காலத்தில் நான் போனதற்கும் அவன் போனதற்கும் வினை ஒன்றுதான் என்பதால் அது அவருக்குக் கைகொடுத்தது.

தமிழில் அப்படி முடியாது. வினைமுற்றின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான். கணினிதான் இருக்கிறதே என்று ‘நான்’ எல்லாவற்றையும் ‘அவன்’ ஆக்கச் சொன்னால், ‘நான்கு மணி’ என்பது ‘அவன்கு மணி’ ஆகிவிடும். ‘என்’ என்பதை மாற்றச் சொன்னால் இன்னும் மோசம், ‘என்று’ எல்லாம் ‘அவன்று’ ஆகும். ஆகவே வரிவரியாகக் கையால்தான்.

அதையும் செய்து முடித்த பிறகு மரியாதை வந்து நிற்கும். தன்மையில் எழுதும்போது ‘சித்தப்பா வந்தார்’ என்றால் போதும், பேரே வேண்டாம். படர்க்கைக்கு வந்ததும் அவர் யாருக்குச் சித்தப்பா? பேர் சொல்லி ‘வந்தார்’ என்பதா, ‘வந்தான்’ என்பதா? முதலாளிக்கு ‘ர்’ போட்டுக் கூலிக்காரருக்கு ‘ன்’ போட்டால், ஆசிரியர் எந்தப் பக்கம் என்பது அந்த ஓர் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் கூட மேல்வேலைதான். ஆம்பூர் நண்பர் ஒருவர் தோல் தொழிற்சாலைக் குடும்பத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதி முடித்தார். பத்து வயதுப் பையன் சொல்கிற கதை. பதிப்பிக்க இருந்தவர் படர்க்கைக்கு மாற்றிப் பாருங்கள் என்றார். முதல் பக்கமே தோல் வாடை, சுண்ணாம்புத் தொட்டி, குடலைப் புரட்டும் நாற்றம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவிலேயே பிறந்த பிள்ளைக்கு வாடை எங்கே தெரியும்? வெளியூரிலிருந்து வருகிற அத்தைதான் மூக்கைப் பொத்துவாள். அதைப் பார்த்தபோது மாற்றுவது சரி என்றே எனக்கும் பட்டது.

நடுவில் இன்னொரு இடம். அப்பாவை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். ராத்திரி மேஸ்திரி இவர்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறார். பையன் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறான். “இன்னா மேஸ்திரி, இப்டி சொல்றீங்க” என்று அப்பா ஒருமுறை கேட்கிறார். அப்புறம் தம்ளர் வைக்கிற சத்தம். அவ்வளவுதான் அவன் காதில் விழுந்தது. படர்க்கைக்கு மாற்றியதும் நண்பருக்குக் கதவு திறந்துவிட்டது. உள்ளே போனார். அப்பாவின் மனம், அவமானம், கடன், வீட்டு வாடகை என்று மூன்று பக்கம் எழுதினார். எழுத்தில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தம்ளர் சத்தம் எங்கேயோ போய்விட்டது.

படர்க்கை என்றால் எல்லார் மனதுக்குள்ளும் போயாக வேண்டும் என்று சட்டம் இல்லை. பையன் தோளுக்குப் பின்னாலேயே நிற்கலாம், அவனுக்குத் தெரியாததைச் சொல்லாமல் விடலாம். அப்படிச் செய்தால் வாடையும் எழுதலாம், சுவரும் நிற்கும்.

முழுவதையும் மாற்ற உட்காருவதற்கு முன் ஒரே ஒரு அத்தியாயத்தை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். முதல் அத்தியாயம் வேண்டாம், அது எப்படி எழுதினாலும் ஓரளவு நிற்கும். சொல்கிறவனுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த இடத்தை எடுங்கள். இரண்டு வடிவத்தையும் ஒரே உட்காரலில் வாய்விட்டுப் படியுங்கள். நண்பர் இப்போது அந்த ராத்திரியைத்தான் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். மேஸ்திரிக்கு ‘ர்’ போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நன்றி, வணக்கம்.