யசூனியில் நடந்த வாக்கெடுப்பும் நமது கடலும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்க நாடான எக்குவடோரில், அமேசன் மழைக்காட்டின் மேற்கு ஓரத்தில் யசூனி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. வவோரானி பழங்குடி மக்களின் தாய்மண்ணாகிய அக்காட்டில், வெளியுலகத் தொடர்பை விரும்பாத தகயேரி, தரோமேனானே குழுக்களும் வாழ்கின்றன. 2007ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரஃபயேல் கொரேயா ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு யோசனையை முன்வைத்தார். அங்கு நிலத்தடியிலுள்ள பல கோடி பீப்பாய் எண்ணெயைத் தமது நாடு எடுக்காது விடும் என்றும், அதனால் இழக்கும் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியை உலக நாடுகள் ஈடுசெய்ய வேண்டும் என்றும் அவர் கேட்டார். அந்த ஈடு 360 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. 2013இல் திட்டம் கைவிடப்பட்டபோது கையில் வந்திருந்ததோ சுமார் 1 கோடியே 30 இலட்சம் டொலர் மட்டுமே. நூற்றாண்டுக் காலமாக எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்துச் செழித்த நாடுகள் இவ்வாறு கைவிரித்ததைக் காலநிலை அநீதி என்றே நான் கருதுகிறேன். 2016இல் அங்கு எண்ணெய் எடுக்கப்படலாயிற்று.

அதன் பின்னரும் அந்நாட்டு இளைஞர்களும் பழங்குடி அமைப்புகளும் ஓயவில்லை. 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி நடைபெற்ற நாடு தழுவிய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 வீதமானோர் எண்ணெய் எடுப்பதை நிறுத்துமாறு வாக்களித்தனர். ஆனால், பூங்காவின் பெரும்பகுதியைக் கொண்ட ஒரெயானா மாகாணத்தில் பெரும்பான்மையோர் எண்ணெய்த் தொழில் தொடரவேண்டும் என்றே வாக்களித்தார்கள் என்பதையும் நாம் மறைக்கலாகாது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வேறு வருமானத்துக்கு வழிசெய்யாமல், காடா, பிழைப்பா என்று ஏழைகளிடம் கேட்பதே கொடுமை.

இக்கேள்வி நமக்கும் தூரமானதல்ல. 2011இல் இலங்கையின் மன்னார்ப் படுகையில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பும் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கான தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவிலில், இல்மனைட் எனும் கனிமம் கலந்த மணலை அகழ்வதற்கு எதிராக மக்கள் திரண்டபோது எழுந்த அதே கேள்வி, நாளை ஆழ்கடலிலும் எழலாம்: யாரைக் கேட்டு எடுக்கிறார்கள்? ஒரு திட்டம் சுற்றாடலுக்கு என்ன செய்யும் என்று கூறும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது பொதுமக்கள் கருத்துக் கூற நமது சட்டம் 30 வேலை நாட்களை வழங்குகிறது. அந்த அறிக்கை தமிழிலும் நமது பிரதேச செயலகங்களுக்கு வந்து சேரவேண்டும். வாகரை முதல் பொத்துவில் வரையுள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள் அதைக் கூடிப் படித்து, அந்நாட்களுக்குள் தமது கருத்தை எழுத்தில் கையளிக்க இப்போதிருந்தே ஆயத்தமாக வேண்டும். நன்றி, வணக்கம்.